எம்பிஏ படிப்பில் ஒரு வார வெளிநாடு

எம்பிஏ சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். சாவோ பாலோ, ஹோ சி மின் நகரம், நைரோபி, மியூனிக் என்று நான்கைந்து ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு அல்லது பத்து நாள். ஐந்தாறு நிறுவனங்களைப் பார்க்கலாம், பேராசிரியர் ஒருவர் கூட வருவார், ஒரு மாலை உள்ளூர்ச் சாப்பாடு, ஒரு நாள் ஊர் சுற்றல், முடித்து வந்தால் இரண்டோ மூன்றோ கிரெடிட். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் செலவு. நியூயார்க் பல்கலையின் ஸ்டெர்ன் பள்ளி, வார்ட்டன், கொலம்பியா என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது. அகமதாபாத், பெங்களூரு ஐஐஎம்கள் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு நடத்தும் ஓராண்டுப் படிப்புகளிலும் 'இன்டர்நேஷனல் இமெர்ஷன்' என்று வந்துவிட்டது. இமெர்ஷன் என்றால் மூழ்குதல். ஒரு வாரத்தில் எவ்வளவு ஆழத்துக்கு மூழ்க முடியும் என்பதை யாரும் அந்தத் துண்டறிக்கையில் போடுவதில்லை.

இந்தப் பயணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. வாழ்க்கையையே மாற்றும் அனுபவம் என்பது ஒரு கட்சி. கல்லூரி இணையதளங்கள் அத்தனையும் இதில் சேர்த்தி. கிரெடிட் கொடுக்கும் சுற்றுலா, வெறும் நுனிப்புல் மேய்ச்சல் என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஒரு நாட்டைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதாது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த நாட்டைப் பற்றி நாம் ஏற்கெனவே யோசித்து எழுதிவைத்த கணிப்பு ஒன்று நிற்கிறதா, விழுகிறதா என்று பார்க்க ஒரு வாரம் போதும். அப்படிக் கணிப்போடு போகிறவருக்கு அது பாடம். வெறுங்கையோடு போகிறவருக்கு அது சுற்றுலா, அதற்குக் கிரெடிட் கொடுப்பது ஏமாற்று வேலை. இந்த ஒரு விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இதன் தொடக்கம் சுற்றுலாவாக இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெர்க்லியின் ஹாஸ் பள்ளியில் 1992-ல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் பிசினஸ் டெவலப்மென்ட்' பாடத்தில் மாணவர் குழு ஒன்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பிரச்சினையைக் கையில் எடுக்கும். ஊரிலிருந்தபடியே வாரக்கணக்கில் அதற்காக உழைத்துவிட்டு, கடைசி மூன்று வாரம்தான் அந்த நாட்டில் போய் நிற்கும். எம்ஐடியின் ஸ்லோன் பள்ளி 2000-ல் கொண்டுவந்த 'ஜி-லேப்' பாடமும் இதே வழிதான். பருவம் முழுக்க ஏதோ ஒரு நாட்டின் இளம் நிறுவனத்துக்காக வேலை, ஜனவரியில் நேரில் மூன்று வாரம். இரண்டிலும் பயணம் என்பது உழைப்பின் கடைசிக் கட்டம். அதற்குப் பிறகுதான் பள்ளிகளுக்குள் போட்டி வந்தது. யேல் 2006-ல் பாடத்திட்டத்தையே மாற்றி, 2007 ஜனவரியில் முதலாண்டு மாணவர் எல்லோரையும் வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஸ்டான்ஃபர்ட் 2007-ல் புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது ஏதாவது ஒரு வெளிநாட்டு அனுபவம் இல்லாமல் பட்டம் கிடையாது என்றது. 2008-ல் நிதி நெருக்கடி வந்து, எம்பிஏ படித்தவர்கள்தான் உலகத்தைக் கெடுத்தார்கள் என்று ஆளாளுக்குத் திட்டத் தொடங்கினார்கள். 2010-ல் ஹார்வர்டின் ஸ்ரீகாந்த் தாதர், டேவிட் கார்வின், பேட்ரிக் கல்லன் மூவரும் 'ரீதிங்கிங் தி எம்பிஏ' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு விஷயம் தெரிகிறது, செய்யத் தெரியவில்லை, தாங்கள் யார் என்பதும் தெரியவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. அப்போது ஹார்வர்ட் பிசினஸ் பள்ளியின் தலைவராக இருந்த நிதின் நோரியா 2011-ல் 'ஃபீல்ட்' என்ற கட்டாயப் பாடத்தைத் தொடங்கினார். 2012 ஜனவரியில் முதலாண்டு மாணவர்கள், ஏறக்குறைய 900 பேர், வளரும் நாடுகளுக்குப் புறப்பட்டுப் போனார்கள். கேஸ் ஸ்டடியை 1920-களிலிருந்து வேதமாக ஓதிவந்த பள்ளியே வகுப்பை விட்டு வெளியே கிளம்பியதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

பரவப் பரவ, வெளிநாட்டில் தங்கும் நாள் குறைந்தது. அதுகூடப் பெரிய குற்றமில்லை. பல இடங்களில் புறப்படுவதற்கு முன்பான வேலையும் சேர்ந்து சுருங்கியதுதான் கோளாறு. உலக வணிகப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏஏசிஎஸ்பி அமைப்பு 2011-ல் வணிகக் கல்வியின் உலகமயம் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் பங்களித்தவர்களில் ஒருவர் பங்கஜ் கெமாவத். அந்தக் காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது இதுதான்: பள்ளிகள் ஆட்களை நாடு விட்டு நாடு நகர்த்துகின்றன, ஒப்பந்தங்கள் போடுகின்றன, ஆனால் வகுப்பில் சொல்லித்தரும் சரக்கு பெரிதாக மாறவில்லை. நாடுகளுக்கு இடையே என்ன வித்தியாசம், அது தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்று முறையாகச் சொல்லித்தராமல், 'போய்ப் பார், புரியும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் புரிந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

புரியாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது, அதுவும் எம்பிஏ மாணவர்களை வைத்தே எடுத்த சான்று. வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கெலாக் பள்ளி மாணவர்களிடம் ஒரு பழைய உளவியல் புதிரைக் கொடுத்தார்கள். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகு தரையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். குத்தூசிப் பெட்டியைக் காலி செய்து அதையே தாங்கியாகச் சுவரில் குத்தலாம் என்று தோன்றினால் முடிந்தது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தோன்றியது, வாழாதவர்களில் 42 சதவீதம் பேருக்கு. இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது அடுத்த முடிவு. வெளிநாட்டில் வாழ்ந்த காலம் கூடக் கூட விடை கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடியது. வெளிநாட்டுக்குப் பயணம் போன காலம் எவ்வளவு இருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2018-ல் கலின்ஸ்கியும் மேடக்ஸும் வேறு சிலரோடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. தன்னைப் பற்றிய தெளிவு எத்தனை நாட்டில் இருந்தோம் என்பதால் வருவதில்லை, எவ்வளவு காலம் இருந்தோம் என்பதால் வருகிறது என்றது அது. ஒரு வார இமெர்ஷனை விற்கிறவர்கள் இந்த ஆய்வுகளைத் துண்டறிக்கையில் போட மாட்டார்கள்.

அப்படியானால் ஒரு வாரத்தைத் தூக்கிவிட்டு எல்லோரையும் ஒரு பருவம் முழுக்க அனுப்பினால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் இன்னொரு சான்று குறுக்கே வருகிறது. மைக்கேல் வாண்ட பெர்க் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய 1,300 அமெரிக்க மாணவர்களை, 61 வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் பின்தொடர்ந்தது. இவர்கள் இளநிலை மாணவர்கள், அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேற்றுப் பண்பாட்டை எடைபோடும் திறன் தங்கியதாலேயே வளரவில்லை என்று கண்டார்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்கினாலும், அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிப் பழகாதவருக்குப் பலன் இல்லை. வித்தியாசம் ஏற்படுத்தியதில் முதலிடம், கூடவே இருந்து 'நீ பார்த்தது என்ன, ஏன் அப்படி நினைத்தாய்' என்று விடாமல் கேட்ட வழிகாட்டிக்குத்தான். 2014-ல் மேடக்ஸ் குழுவினர் பத்து மாத எம்பிஏ ஒன்றின் மாணவர்களை ஆராய்ந்தபோதும் இதற்கு நெருக்கமான முடிவே வந்தது. எல்லோரும் படித்தது ஒரே படிப்பு, சுற்றிலும் ஒரே பன்னாட்டுக் கூட்டம். ஆனால் அந்த வேற்றுமையோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்குத்தான் சிந்தனை சிக்கலைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தது, வேலை வாய்ப்புகளும் கூடுதலாக வந்தன. கூட இருந்தும் ஒதுங்கி நின்றவர்களுக்கு இல்லை.

இரண்டு பக்கச் சான்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் இதுதான். குறுகிய பயணம் ஆளை மாற்றாது. நீண்ட தங்கலும் தானாக மாற்றாது. இரண்டிலும் வேலை செய்வது, பார்த்ததை எதிர்பார்த்ததோடு மோதவிடும் பழக்கம். நீண்ட தங்கலில் அந்த மோதல் தற்செயலாகவாவது நடந்துவிட வாய்ப்பு உண்டு. வாடகை வீட்டுச் சண்டை, வங்கிக் கணக்கு, மருத்துவமனை வரிசை என்று ஏதாவது ஒன்று நம்மை இழுத்துப் போட்டுவிடும். ஒரு வாரத்தில் தற்செயலுக்கு இடமில்லை. பேருந்து, ஹோட்டல், மாநாட்டு அறை எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு. ஆகவே மோதலையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்தை வைத்தே பார்ப்போம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இதைப் பற்றி ஹார்வர்டின் கஸ்தூரி ரங்கன் எழுதிய கேஸ் 1993-ல் வெளிவந்தது. அன்றிலிருந்து உலகத்தின் மூலைமுடுக்கு வகுப்பறைகளில் எல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டணம் கட்டும் நோயாளிகளின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது, அறுவைசிகிச்சை நிபுணர் இரண்டு மேசைகளுக்கு நடுவே மாறி மாறி வேலை செய்கிறார், ஒரு மேசையில் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயார், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992-ல் தொடங்கிய ஆரோலேப் மலிவாகச் செய்து தருகிறது. இவ்வளவையும் பாஸ்டனில் உட்கார்ந்தே படித்துவிடலாம். பிறகு எதற்கு மதுரைக்கு விமானம் ஏற வேண்டும்?

இரண்டு மேசையைப் பார்த்து 'ஆகா' என்று சொல்வதற்காக என்றால் வேண்டவே வேண்டாம். அது படத்திலேயே தெரிகிறது. ஆனால் கேஸைக் கரைத்துக் குடித்த ஒரு மாணவி இப்படி எழுதிவைத்துக்கொண்டு வருகிறாள் என்று வையுங்கள்: 'இந்த முறையை மற்றவர்கள் நகல் எடுக்கத் திணறுவதற்குக் காரணம் மேசை அமைப்பு அல்ல, மருத்துவரைச் சுற்றி நிற்கும் பெண்கள்.' சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, கண் சோதனையிலிருந்து அறுவை அரங்க உதவி வரை அவர்களை வைத்து நடத்துவதுதான் அரவிந்தின் முதுகெலும்பு. அந்த மேசைகள் ஓடுவதே அவர்களால்தான். இப்போது அந்த மாணவிக்கு நான்கு நாளில் விடை தேடக்கூடிய கேள்விகள் கையில் இருக்கின்றன. பெற்றோர் எதை நம்பி அனுப்புகிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை பேர் தொடர்கிறார்கள்? வேலையை விட்டுப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? அக்கம்பக்கத்தில் நூற்பாலையும் நர்சிங் கல்லூரியும் கூப்பிடும்போது இங்கே வரக் காரணம் என்ன? மாநாட்டு அறையில் மேலாளர் காட்டும் பவர்பாயிண்ட்டில் இது இருக்காது. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும், தமிழில் கேட்க வேண்டும். அமெரிக்கப் பள்ளியிலிருந்து வரும் குழுவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால், அந்த வாரம் முழுக்க அவர்தான் மிக முக்கியமான ஆள். பேராசிரியர்கூட இரண்டாம் பட்சம். அரவிந்தின் 'லைகோ' பயிற்சி நிறுவனம் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்கு இந்த முறையைச் சொல்லித்தந்திருக்கிறது. எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று அங்கேயே கேட்கலாம். வாரம் முடியும்போது அவள் கணிப்பு பாதி சரி, பாதி தப்பு என்று ஆகலாம். அதுதான் படிப்பு. அரவிந்தை முழுக்கப் புரிந்துகொண்டாளா? இல்லை. கேஸ் எழுதியவர் எதை விட்டார் என்பதைக் கண்டுபிடித்தாளா? ஆமாம். ஒரு வாரத்துக்கு அது மிக நல்ல அறுவடை.

இப்படிச் செய்து காட்டிய முன்னோடி ஒருவர் நம் கோயம்புத்தூர்க்காரர்தான். மிஷிகன் பல்கலையின் ராஸ் பள்ளியில் பேராசிரியராக இருந்த சி.கே.பிரகலாத் 2004-ல் வெளியிட்ட 'தி ஃபார்ச்சூன் அட் தி பாட்டம் ஆஃப் தி பிரமிட்' புத்தகத்தில், அரவிந்த் உட்பட வரும் கேஸ்களை எழுதியவர்கள் அவருடைய எம்பிஏ மாணவர்கள். ஏழைகளை வாடிக்கையாளராக மதித்தால் லாபமும் வரும், வறுமையும் குறையும் என்ற ஒரு கருதுகோளை அவர் முன்வைத்தார். மாணவர்கள் அதற்கான ஆதாரத்தை நாடு நாடாகத் திரட்டினார்கள். கையில் கருதுகோள், முடிவில் அச்சில் ஏறும் எழுத்து. இதைவிட நல்ல அமைப்பு எளிதில் அமையாது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை, அதனால்தான் இந்த உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதே ராஸ் பள்ளியில் இருந்த அனீல் கர்னானி 2007-ல் கடுமையான மறுப்பு எழுதினார். புத்தகத்தின் சில உதாரணங்களில் வரும் வாடிக்கையாளர்கள் உண்மையில் அடித்தட்டு ஏழைகளே அல்ல, ஏழைகளிடம் விற்றுக் குவிக்கலாம் என்ற அந்தச் சந்தை ஒரு கானல்நீர் என்றார். இதைப் பார்த்து, 'பார்த்தீர்களா, குறுகிய பயணத்தில் போனவர்கள் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தார்கள்' என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான அடிதான். ஆதாரம் தேடிப் போகிறவர் கண்ணில் ஆதாரம்தான் படும். அதற்கு என் பதில், கணிப்பை எழுதும்போதே எதைக் கண்டால் இது தப்பென்று ஒப்புக்கொள்வேன் என்பதையும் சேர்த்து எழுதவைக்க வேண்டும் என்பது. 'கிராமத்துப் பெண்கள்தான் காரணம்' என்று எழுதுகிறவள், 'பயிற்சி முடித்தவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே விலகியும் மருத்துவமனையின் வேகம் குறையவில்லை என்றால் நான் சொன்னது தப்பு' என்று அடுத்த வரியில் எழுதட்டும். கர்னானி கேட்ட கேள்வியும் புறப்படும் முன்பே கேட்டிருக்கக்கூடிய கேள்விதானே: வாங்குகிறவரின் வருமானம் என்ன?

புறப்படும் முன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்னொரு உதாரணம், ஜெர்மனியில் வால்மார்ட். 1997-ல் அங்கே ஒரு சில்லறைக் கடைத் தொடரை வாங்கிக்கொண்டு நுழைந்தது, 2006-ல் 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஏன் என்று கேட்டால், ஜெர்மானியர்களுக்குச் சிரித்து வரவேற்றால் பிடிக்காது என்ற கதையைத்தான் பலரும் சொல்வார்கள். கெமாவத் 2001-ல் நாடுகளுக்கு இடையிலான தூரத்தை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்: பண்பாடு, ஆட்சிமுறையும் சட்டமும், நில அமைப்பு, பொருளாதாரம். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை நூலகத்தில் உட்கார்ந்தாலே சிரிப்புக் கதை பின்னுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க முடியாது, இரவும் நேரக் கட்டுப்பாடு. அடக்க விலைக்குக் கீழே தொடர்ந்து விற்கக் கூடாது என்று 2000-ல் போட்டி ஆணையம் வால்மார்ட்டோடு அதன் ஜெர்மன் போட்டியாளர்களான ஆல்டி, லிடில் நிறுவனங்களுக்கும் சேர்த்தே உத்தரவிட்டது. ஊழியர் நடத்தை விதிகளை நிர்வாகம் தன்னிச்சையாகக் கொண்டுவந்தபோது தொழிலாளர் நீதிமன்றம் சிலவற்றைத் தடுத்தது. இவ்வளவும் படித்துவிட்டு மியூனிக்கில் இறங்குகிறவர் ஆல்டி கடையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கடை எவ்வளவு சின்னது, எத்தனை வகைச் சரக்கு, எத்தனை ஆட்கள், குடியிருப்பிலிருந்து எத்தனை நிமிட நடை என்று எண்ணிப் பார்த்து, சட்டம் காரணமா, ஆல்டி காரணமா என்று தானே முடிவுக்கு வரலாம். படிக்காமல் இறங்குகிறவருக்கு அதே கடை சாக்லேட் வாங்கும் இடம்.

எதிர்வாதங்கள் சில உண்டு. முதலாவது, எதிர்பாராததைப் பார்க்கத்தானே பயணம், கணிப்பைக் கட்டிக்கொண்டு போனால் கண்ணில் பட்டை கட்டியது போல ஆகாதா என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதையும் எதிர்பார்க்காதவருக்கு எதிர்பாராதது எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றை உறுதியாக நினைத்தவர்தான் அது பொய்க்கும் இடத்தில் நின்று யோசிப்பார். மற்றவருக்கு எல்லாமே 'சுவாரசியம்'. ஊர் திரும்பி எழுதும் கட்டுரைகளில் சுவாரசியம் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போட்டுவிடலாம்.

இரண்டாவது வாதம், ஒரு வாரத்தை விட்டுவிட்டு ஒரு பருவப் பரிமாற்றத்துக்குப் போகலாமே என்பது. முடிந்தவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் பகுதிநேர எம்பிஏ, எக்ஸிகியூடிவ் எம்பிஏ படிக்கிறவர்கள் வேலையில் இருக்கிறார்கள், வீட்டில் குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கிறார்கள். நான்கு மாதம் காணாமல் போக அவர்களால் முடியாது. அவர்களுக்கு ஒரு வாரம் அல்லது ஒன்றுமில்லை என்பதுதான் தேர்வு. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டார்ட்மத்தின் டக் பள்ளி, கட்டாய வெளிநாட்டுப் பாடத்தை மாணவருக்குப் புதிதான ஒரு நாட்டில்தான் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் சென்னையிலிருந்து அங்கே போய்ப் படிக்கிற பிள்ளைக்கு அமெரிக்காவே இரண்டு வருட வெளிநாட்டுப் பாடம் என்பதை எந்தப் பள்ளியும் கிரெடிட்டில் கணக்கெடுப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, இதை எல்லாம் இணையத்தில் செய்துவிடலாமே என்பது. 2020-ல் கொரோனா வந்து பயணங்கள் நின்றபோது பள்ளிகள் அதைத்தான் செய்தன. அதற்கு முன்பே, 2010-ல், வட கரோலினாவில் வாஸ் டாரஸ் என்ற பேராசிரியர் 'எக்ஸ்-கல்ச்சர்' திட்டத்தைத் தொடங்கிவிட்டார். பல நாட்டு மாணவர்களை ஒரே குழுவில் போட்டு, வாரக்கணக்கில் இணையம் வழியாகவே ஒரு நிறுவனத்தின் பிரச்சினைக்குத் தீர்வு எழுதவைக்கும் திட்டம் அது. நேர வித்தியாசம், பதில் போடாத கூட்டாளி, 'சரி' என்றால் என்ன பொருள் என்ற குழப்பம் எல்லாம் அதில் அசலாகக் கிடைக்கும். சொல்லப்போனால் பவர்பாயிண்ட் பார்க்கும் பல பயணங்களைவிட இதில் கற்பது அதிகம், செலவும் குறைவு, விமானப் புகையும் இல்லை. வேற்று நாட்டவரோடு வேலை செய்யப் பழகுவதுதான் நோக்கம் என்றால் பயணத்தை ரத்து செய்துவிட்டு இதையே எடுங்கள் என்பேன். ஆனால் ஆல்டி கடையில் நின்று எண்ணுவதையோ, மதுரையில் அந்தப் பெண்களோடு மேலாளர் இல்லாத நேரத்தில் பேசுவதையோ திரை வழியாகச் செய்ய முடியாது. கேமராவை எங்கே திருப்புவது என்று முடிவு செய்கிறவர் அந்தப் பக்கம் இருக்கிறார்.

பணம், விசா விஷயத்தில் எனக்குச் சமாதானமான பதில் இல்லை. அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவரின் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், ஒரு வாரம் ஐரோப்பா போய்வர ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோவும் வரிசையும் ஒரு பக்கம், திரும்ப நுழைய அமெரிக்கத் தூதரக நேர்காணல் இன்னொரு பக்கம். பக்கத்து இருக்கை அமெரிக்கர் கடவுச்சீட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எல்லோருக்கும் ஒரே கட்டணம், ஆபத்து மட்டும் ஒருவருக்கு. கட்டாயம் என்று அறிவிக்கும் பள்ளி இந்தச் செலவையும் ஏற்க வேண்டும், முடியாதவருக்கு அதே கிரெடிட்டை உள்ளூரிலேயே ஈட்ட வழி வைக்க வேண்டும். விருந்தளிக்கும் பக்கமும் பேசப்படாத கணக்குதான். ஆண்டுதோறும் வந்து, அரை நாள் கேள்வி கேட்டு, குழுப்படம் எடுத்துப் போகும் கூட்டத்துக்காக ஒரு மருத்துவமனையோ சிறு தொழிற்சாலையோ இழக்கும் நேரத்துக்கு யார் ஈடு? இந்த விஷயத்தில் யேல் முன்னின்று 2012-ல் உருவாக்கிய 'குளோபல் நெட்வொர்க்' அமைப்பு ஒரு படி மேல். சுமார் 30 பள்ளிகள், பெங்களூரு ஐஐஎம்மும் அதில் உண்டு. ஒரே வாரத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரில் ஒரு பாடம் நடத்தும், மாணவர்கள் மாறி மாறிப் போவார்கள். போகிறவர் இன்னொரு நாள் விருந்தாளியை வரவேற்கிறவராகவும் இருக்கிறார். உள்ளூர்ப் பேராசிரியரே பாடம் எடுப்பதால் மேய்ப்பவர் கூட்டிவந்த மந்தை என்ற நிலையும் இல்லை.

ரெஸ்யூமில் ஒரு வரி கூடுமே, பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமே என்ற வாதத்துக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. அந்தப் பத்து மாத எம்பிஏ ஆய்வில் வேலை வாய்ப்போடு தொடர்பு காட்டியது பழகிய விதம். கடவுச்சீட்டில் விழுந்த முத்திரை இல்லை.

ஆகவே பட்டியல் கைக்கு வரும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள். மதிப்பெண் எதற்கெல்லாம் என்று கேளுங்கள். பாதி மதிப்பெண்ணாவது புறப்படுவதற்கு முன் எழுதும் கட்டுரைக்கு இருக்கிறதா? திரும்பி வந்து, எழுதியதில் எது தப்பாகப் போனது என்று காட்டுவதற்கு மதிப்பெண் உண்டா? நிறுவனத்தின் மேலாளர் இல்லாமல் யாரிடமாவது பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, மொழிபெயர்ப்பாளர் உண்டா? கூட வரும் பேராசிரியருக்கு அந்த நாடு தெரியுமா, அல்லது அவருக்கும் அது முதல் தடவையா? வருகைப் பதிவுக்கும் 'பங்கேற்புக்கும்'தான் மதிப்பெண் என்றால், பணத்தைக் கட்டாதீர்கள். அந்த நாட்டைப் பார்க்க ஆசையிருந்தால் விடுமுறையில் நண்பர்களோடு போங்கள், செலவு பாதிதான் ஆகும்.